கேட்டால் சிரிக்கிறான், வாசி என்றால் ஓடுகிறான்: முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எந்தச் சிரிப்புப் புத்தகம்?

வணக்கம் சகோதரி. நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது: மகன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். மலாயில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். தமிழ்க் கதையை நீங்கள் வாசித்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறான், "நீ வாசி" என்றால் எழுந்து ஓடிவிடுகிறான். அதனால் அவனே வாசிக்கக்கூடிய சிரிப்புப் புத்தகங்களின் பெயர்கள் வேண்டும் என்கிறீர்கள். பெயர்களை மட்டும் எழுதி அனுப்பினால் அவற்றையும் நீங்கள்தான் வாசித்துக் காட்டும்படி ஆகும். கேட்கும்போது வருகிற சிரிப்பு வாசிக்கும்போது ஏன் வரவில்லை, அதை வரவழைக்கிற புத்தகம் எப்படி இருக்கும் என்பதே உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கிற கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

கேட்பதற்கான புத்தகமும் வாசிப்பதற்கான புத்தகமும் இரண்டு வேறு சாதிப் புத்தகங்கள். கடையில் இரண்டும் ஒரே அடுக்கில், ஒரே மாதிரி வண்ண அட்டையோடு நிற்பதால் வரும் குழப்பம் இது. தெனாலிராமன் கதை கேட்கச் சுகமானது. ஆனால் அதன் வேடிக்கை முழுவதும் கடைசி வரியில் இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் முதல் வரியை மறந்திருப்பான். முதல் வாசிப்புப் புத்தகத்தில் சிரிப்பு இரண்டு மூன்று சொல்லுக்குள் வெடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தச் சொல்லை வாசித்தால்தான் சிரிப்பு வர வேண்டும். படத்தைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிட்டால் எழுத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. உங்கள் குரலிலும் முகபாவத்திலும் சிரிப்பு இருந்தால் அவனுக்கு நீங்கள்தான் தேவை, புத்தகம் தேவையில்லை.

அடுத்தது "எளிது" என்பதற்கான அளவு. ஆங்கிலத்தில் இந்த வகைப் புத்தகத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸ். 1957இல் வந்த 'தி கேட் இன் தி ஹேட்' நூலில் அவர் பயன்படுத்திய வெவ்வேறு சொற்கள் 236. 1960இல் வந்த 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹேம்' நூலில் வெறும் 50. சொற்களை எண்ணிக் குறைத்தே அவர் எளிமையைக் கொண்டுவந்தார். அந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பலிக்காது. தமிழில் வேற்றுமை, காலம், திணை எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'குதித்துக்கொண்டிருக்கிறது' என்பது கணக்கில் ஒரே சொல், கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கோ பதின்மூன்று எழுத்து. ஆகவே தமிழில் எண்ண வேண்டியவை வேறு: புத்தகத்தில் எத்தனை வெவ்வேறு எழுத்து வருகிறது, மிக நீண்ட சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது. முதல் புத்தகங்களில் ஒரு சொல் ஐந்து எழுத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

மகனுக்கு மலாய் ஏன் சீக்கிரம் வருகிறது என்பதற்கும் இங்கேதான் விடை. தொடக்க மலாய்ப் புத்தகங்கள் பா, சா, டா என்று ஓரசையில் தொடங்கி, இரண்டு அசையைச் சேர்த்துச் சொல்லாக்கி, ஒரு படி ஏறிய பிறகே அடுத்த படியைக் காட்டும். தமிழ்ச் சிறுவர் புத்தகங்களில் பல, அட்டையில் '5 - 7 வயது' என்று போட்டுவிட்டு முதல் பக்கத்திலேயே எல்லா வரிசை எழுத்தையும் கொட்டிவிடும். பிள்ளையிடம் குறை இல்லை, படிக்கட்டில்தான் குறை. 247 எழுத்து என்று மலைக்கவும் தேவையில்லை. ஙகர வரிசையில் அன்றாடம் கண்ணில் படுவது 'ங்' ஒன்றுதான். ஞகர வரிசையில் நாலைந்து தேறும். ஔகார வரிசை எப்போதாவது வரும்.

நான் பரிந்துரைக்கிற படி வரிசை இது. முதலில் அகர எழுத்தும் மெய்யெழுத்தும்: படம், மரம், பல், பட்டம். அடுத்துக் கால் வாங்கிய எழுத்து: பால், கால், மாமா, தாத்தா. அடுத்து இகரமும் ஈகாரமும்: பல்லி, பாட்டி, மீன். இந்த மூன்று படியிலேயே சிரிக்கச் சிரிக்க ஒரு டஜன் கதை எழுதலாம். உகர ஊகாரங்களை இதற்குப் பிறகு வையுங்கள், ஏனென்றால் அங்கே குறி ஒரே வடிவத்தில் இல்லை. சு, பு, யு, வு ஒரு குடும்பம். டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. து, நு, ணு, னு, லு, று மூன்றாவது. 'கு' தனிக்காட்டு ராஜா. ஒரு புத்தகத்தில் ஒரு குடும்பம் போதும். 'வந்தது', 'போனது' என்று வினைமுற்றெல்லாம் 'து'வில் முடிவதால் மூன்றாம் குடும்பத்தை முதலில் எடுத்தால் கைக்கு நிறைய வாக்கியம் கிடைக்கும்.

கடைசியாகக் கொம்புகள். கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக மலாய் வாசித்துப் பழகிய கண் இங்கே தடுமாறுவது இயல்பு. கொ, கோ இரண்டிலும் எழுத்துக்கு இரு பக்கமும் குறி. பிள்ளை 'கொ'வைக் 'கெ' என்று படித்துவிட்டுக் காலைத் தனியே விட்டுவிடுவான், அல்லது அதை 'ர' என்று நினைப்பான். கொம்பையும் எழுத்தையும் காலையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து ஒரு வாரம் காட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

இன்னொரு தடை வீட்டிலிருந்தே வருகிறது. மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று சொல்லிப் பழக்குகிறோம். பெயர் சொல்ல அது சரி. கூட்டும்போது பிள்ளை 'ப, இல், லி' என்கிறான். அந்த மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'பல்லி' வராது. மெய்யைத் தனியே சொல்லவிடாமல் முன்னெழுத்தோடு ஒட்டிவிடுங்கள்: பல்-லி, சட்-டி, பாட்-டி, மரத்-தில். ஒரு அட்டைத் துண்டால் சொல்லை மூடி, முதல் துண்டை மட்டும் திறந்து வாசிக்க வைத்து, பிறகு அடுத்த துண்டைத் திறங்கள். கூட்டத் திணறும் பிள்ளைகள் பலருக்கு இந்த ஒரு மாற்றமே வழி திறக்கும்.

இவ்வளவு குறைந்த எழுத்தில் சிரிப்பு வருமா என்று கேட்பீர்கள். எட்டுப் பக்கத்துக்கு ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். பக்கம் 1: "அம்மா வா!" பக்கம் 2: "சட்டியில் பல்லி!" பக்கம் 3: "பாட்டி வா!" பக்கம் 4: "வாளியில் பல்லி!" பக்கம் 5: "தாத்தா வா!" பக்கம் 6: "மாமா காலில் பல்லி!" பக்கம் 7: "மாமா?" பக்கம் 8: "மாமா மரத்தில்!" மொத்தம் பதினாறு சொல், வெவ்வேறு சொல் பத்து, வெவ்வேறு எழுத்து பத்தொன்பது. எல்லாமே மேலே சொன்ன முதல் மூன்று படிக்குள் அடங்கியவை. மூன்று முறை வருகிற 'வா'வும் 'பல்லி'யும் பிள்ளைக்கு மூச்சு வாங்க இடம் தருகின்றன. பெரியவர் பயந்து ஓடுவதும், சின்னவனுக்கு அது முன்பே தெரிந்திருப்பதும் ஆறேழு வயதில் தவறாமல் சிரிப்பு மூட்டுகிற விஷயங்கள்.

இதில் பக்க அமைப்பைக் கவனியுங்கள். ஒற்றைப்படைப் பக்கங்கள் எல்லாம் வலது கைப் பக்கம் விழும். கூப்பாடும் கேள்வியும் அங்கே இருக்கின்றன, விடை தாளைத் திருப்பிய பிறகுதான். 7ஆம் பக்கத்துப் படத்தில் மாமாவின் சப்பாத்து (காலணி) மட்டும் தரையில் கிடக்கட்டும், மரத்தை வரைந்துவிடாதீர்கள். வரைந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அச்சுப் புத்தகம் வாங்கும்போதும் இதையே பாருங்கள்: கேள்வியும் விடையும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் கண் முதலில் விடைப் படத்துக்குப் போகும், எழுத்து வீண்.

வீட்டில் செய்ய மூன்று ஏ4 தாள் போதும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம், மூன்றாவது அட்டை. மடித்த பிறகு பென்சிலால் பக்க எண் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். பிரித்து வைத்து எழுதினால் பக்கம் மாறிவிடும். எழுபது கிராம் தாளில் மார்க்கர் மை பின்பக்கம் ஊறி, அடுத்த பக்கத்து விடையை முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். எண்பது கிராம் தாளும் வண்ணப் பென்சிலும் பாதுகாப்பானவை. எழுத்து ஒரு செண்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். கணினியில் அச்சிட்டால் 28 புள்ளி அளவு, அலங்காரம் இல்லாத எழுத்துரு. கைப்பேசியில் தட்டச்சு செய்ய நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி போதும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு முழு எழுத்து நுழையும் அளவு இடம் விடுங்கள். ஒரு சொல்லை இரண்டு வரியில் உடைக்கக் கூடாது. சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டாது. ஊசியால் மூன்று துளை போட்டுத் தையல் நூலால் கட்டினால் பல நாள் தாங்கும்.

இப்போது சிரிப்பு எழுத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மூன்றாம் முறை வாசிப்பதற்குள் பிள்ளை கதையை மனப்பாடம் செய்திருப்பான். சரளம் வருவதற்கு அதுவும் உதவும், தடுக்க வேண்டாம். ஆனால் அதை வாசிப்பு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கதையின் பத்துச் சொல்லையும் பத்துத் துண்டு அட்டையில் எழுதி, இடம் மாற்றி மேசையில் வையுங்கள். "பாட்டி மரத்தில்!" என்று வைத்து, வாயே திறக்காமல் காத்திருங்கள். படம் இல்லை, உங்கள் குரல் இல்லை. அவன் சிரித்தால் வாசித்துவிட்டான். "தாத்தா வாளியில்!", "அம்மா சட்டியில்!" என்று போய்க்கொண்டே இருக்கலாம். பிறகு அவனே உங்களைச் சிரிக்க வைக்க அட்டையை அடுக்கத் தொடங்குவான். அப்போது அவன் செய்வது வாசிப்போடு எழுத்துப் பயிற்சியும்தான். இதற்கு இணையான பயிற்சியை நான் எந்த அச்சுப் பாடத்திலும் பார்த்ததில்லை.

தமிழ் நமக்குத் தந்திருக்கிற இன்னொரு வசதி ஒலிக்குறிப்புச் சொற்கள். பட பட, சட சட, கட கட, மட மட, சர சர, டம், சர்: எல்லாம் அகரமும் மெய்யும் மட்டும். தகரக் கூரையில் மழை பட பட, செம்பனைக் குலை லாரியில் டம், லாரி கட கட. முதல் படியிலேயே பிள்ளை உரக்கச் சத்தம் போட்டு வாசிக்க முடியும், கூட்டும்போது வருகிற இழுவையையும் இவை போக்கும். 'தொப்', 'பொத்' போன்றவை கொம்புப் படிக்கு வந்த பிறகு.

கடையில் புத்தகம் பார்க்கும்போது, ஈப்போ வரை போனாலும் சரி, முதல் பக்கத்தை விட்டு நடுப்பக்கத்தைத் திறங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வரிக்கு மேல் இருந்தால், ஒரு வரியில் நாலு சொல்லுக்கு மேல் இருந்தால், அது இப்போதைக்குக் கேட்கும் புத்தகம். எழுத்து படத்தின் மேல் ஏறி நின்றால் வேண்டாம். வேடிக்கை முழுக்க ஒருவரின் நிறத்தையோ பருமனையோ திக்குவாயையோ கேலி செய்வதாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தமிழ்ச் சிறுவர் நகைச்சுவையில் இந்தக் குறை இன்னும் ஒழியவில்லை. பிள்ளை அதை வகுப்பில் பக்கத்து இருக்கைப் பையனிடம் திருப்பிச் சொல்வான். தாத்தா காலத்துப் புத்தகம் வீட்டில் இருந்தால் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சானவற்றில் ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருக்கும். புதிதாகக் கற்பவனுக்கு அது தேவையில்லாத சுமை.

இலவசமாக வேண்டுமானால் இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பதிவிறக்கி அச்சிடவும், சொற்களை மாற்றிக்கொள்ளவும் உரிமம் இடம் தருகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பல கதைகள் வேறு மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவை. மூலத்தில் முதல் நிலையாக இருந்த வாக்கியம் தமிழில் நீண்ட சொல்லாக வந்திருக்கும். படம் பிடித்திருந்தால் அதை வைத்துக்கொண்டு வரியை நீங்களே சுருக்குங்கள். 'குதித்துக்கொண்டிருக்கிறது' இருக்கும் இடத்தில் 'குதி!' என்று போட்டால் வேடிக்கை கூடுமே தவிரக் குறையாது.

இறக்குமதிப் புத்தகத்தில் இன்னொன்றும் பாருங்கள். நம் எழுத்தில் 'க'வும் 'ப'வும் சொல்லில் இருக்கும் இடத்தைப் பொறுத்து வேறு வேறாக ஒலிக்கும். 'பட்டம்' என்பதில் ஒரு ப, 'கம்பம்' என்பதில் இன்னொரு ப. சொல் முன்பே தெரிந்திருந்தால் பிள்ளையின் வாய் தானே திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லில் திருத்த வழியில்லை. ஆட்டோவும் தயிர்க்காரியும் நம் பிள்ளை பார்க்காதவை. செம்பனை, லயம் (தோட்டத்து வரிசை வீடு), பசியாறுவது, சப்பாத்து, பாசார் (சந்தை), ரொட்டி சானாய் எல்லாம் அவன் வாயில் தினமும் புழங்குபவை. முதல் கதைகள் அவற்றால் ஆகட்டும்.

வாசிக்கும் நேரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், டியூஷன் முடிந்து களைத்து வந்த நேரம் வேண்டாம். அவன் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு சொல்லைக் கொடுக்காமல் முதல் துண்டை மட்டும் கொடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் முழுச் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள், அங்கேயே நின்று சண்டை போட்டால் கதையின் வேடிக்கை செத்துவிடும். சிரித்து முடித்த பிறகு அந்தச் சொல்லுக்குத் திரும்பி வரலாம்.

புத்தகம் கடினமா என்று அளக்க, நூறு சொல்லில் ஐந்து தவறு வரை தானே வாசிக்கலாம், பத்து வரை துணையோடு வாசிக்கலாம், அதற்கு மேல் கடினம் என்று ஒரு கணக்கு உண்டு. அது ஆங்கில வாசிப்பிலிருந்து வந்த கைக்கணக்கு, தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 'மரத்தில்' என்பதை 'மரத்தை' என்று படித்த தவறும், 'மரம்' என்பதையே 'மாமா' என்று படித்த தவறும் ஒன்றாகாது. நடைமுறையில் இருபது சொல்லுக்கு ஒரு தவறு வந்தால் தொடருங்கள், நாலு வந்தால் அந்தப் புத்தகத்தைச் சில வாரத்துக்குக் கேட்கும் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் வாலில் வருகிற பிழையைப் பாதியாக எண்ணுங்கள்.

முதல் புத்தகத்தைப் பேச்சுத்தமிழில் எழுதலாமா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பேச்சில் எழுதினால் சிரிப்பு கூடும், ஆனால் 'வந்துச்சி'யை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், பிள்ளைக்கு ஒரே எழுத்துருவம் மனதில் பதியாது. எழுத்துத் தமிழிலும் பேச்சிலும் ஒரே மாதிரி இருக்கிற சொற்களாகப் பொறுக்கினால் முதல் சில மாதம் இந்தச் சண்டையே எழாது என்பது என் முடிவு: வா, போ, ஓடு, குதி, மாமா, பல்லி, வாளி. இது அனுபவத்தில் வந்த முடிவு, ஆராய்ந்து நிறுவியது இல்லை. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சேர்ப்பது, தெரிந்த சொல்லில் தொடங்குவது, ஒரே புத்தகத்தைப் பலமுறை வாசிப்பது ஆகிய மூன்றில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு மடலை வைத்துப் பிள்ளையின் கண், காது, டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) பற்றி நான் எதுவும் முடிவு சொல்ல முடியாது. மலாயில் அவன் கூட்டி வாசிக்கிறான் என்பது நல்ல அறிகுறி; எழுத்தையும் ஒலியையும் இணைக்கிற திறமை அவனிடம் இருக்கிறது. ஆனாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறானா, புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறானா என்று கவனித்து, சந்தேகம் இருந்தால் அரசாங்க கிளினிக்கில் முதலில் கண்ணைப் பாருங்கள். தினமும் பத்து நிமிடம் வைத்தும் ஆறு வாரத்தில் முதல் இரண்டு படியைத் தாண்டவில்லை என்றால், வகுப்பாசிரியரையோ குறைநீக்கல் வகுப்பு ஆசிரியரையோ பாருங்கள். போகும்போது அந்தச் சொல் அட்டைகளையும் எடுத்துச் சென்று, அவன் உடனே வாசிப்பவை ஒரு கட்டு, கூட்டி வாசிப்பவை ஒரு கட்டு, நிற்பவை ஒரு கட்டு என்று பிரித்துக் கொடுங்கள். "தமிழ் வரவில்லை" என்று சொல்வதைவிட அந்த மூன்றாம் கட்டு ஆசிரியருக்கு அதிகம் சொல்லும். எந்தக் குறியில் அவன் சிக்கியிருக்கிறான் என்பது அதில் தெரியும், அடுத்த எட்டுப் பக்கக் கதையை அந்தக் குறியை வைத்தே எழுதலாம்.